புனேயில் ஓர் இத்தாலியச் சூப்



சூப் என்னும் சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்து வெகுகாலமாயிற்று. ஆயினும் அச்சொல் குறிக்கும் பொருள் இன்றும் பெரும்பாலும் உணவு விடுதியின் மேசையிலேயே நின்றுவிடுகிறது. வீட்டில் சூப் வைக்க வேண்டுமென்று எண்ணினால் நாம் செய்வது என்ன? கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, அதிலுள்ள தூளை வெந்நீரில் கரைத்துக் கொதிக்க வைக்கிறோம். அத்தூளில் பெரும்பங்கு சோள மாவும் உப்புமே. அது குளிருக்கு இதமாயிருக்கலாம், பசிக்கு உணவாகாது. விடுதியில் உண்ட கெட்டியான இத்தாலியச் சூப்பை வீட்டிலும் செய்து தரும்படி பிள்ளைகள் கேட்டுவிட்டாலோ, பாலேடு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், பெயர் வாயில் நுழையாத இலைகள் என்று ஒரு பெரிய பட்டியல் கண்முன் நிற்கிறது. அவற்றின் விலையை விசாரித்தவுடன் அந்த எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறோம்.

அவ்வளவு தூரம் அஞ்ச வேண்டியதில்லை என்பதையே இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். இத்தாலியின் மிகச் சிறந்த கெட்டிச் சூப்புகளுள் ஒன்றுக்கு வேண்டிய இரு முக்கியச் சரக்குகளும், அதைச் செய்வதற்குரிய கருவியும், மராட்டிய மாநிலத்துப் புனே நகரில் நம் தெருக்கோடி வரையில் வந்து காத்திருக்கின்றன. வேறு பெயர்களில் இருப்பதால் நாம் அவற்றை அடையாளம் கண்டுகொள்வதில்லை; அவ்வளவுதான்.

இத்தாலியின் நடுப்பகுதியில் டஸ்கனி என்னும் மாநிலம் உண்டு. அதன் வடமேற்கு மூலையில் லூக்கா என்னும் பழைய மதில் நகரமும், அதற்கு வடக்கே மலைகளுக்கு இடைப்பட்ட கார்ஃபஞானா என்னும் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. அங்குள்ள உழவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்து உண்ணும் சூப்பு, ஒரு கோதுமையும் ஒரு பயறும் சேர்ந்தது. கோதுமைக்கு அவர்கள் இட்ட பெயர் ஃபாரோ. பயறு, இளஞ்சிவப்புத் தோலில் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும் ஒருவகை பீன்ஸ் விதை. பயற்றை நன்றாக வேகவைத்து, மசித்து, அந்தக் குழம்பிலேயே கோதுமையை வேகவிடுகிறார்கள். வாயில் வைத்தால் வெண்ணெய்போல வழுக்கிச் செல்லும். ஆனால் அதில் பாலும் இல்லை, பாலேடும் இல்லை. பாலேடு வாங்க வசதியற்றவர்கள் கண்டுபிடித்த கெட்டித்தன்மை அது. மாமிசம் உண்பவர்கள் சிறிது பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதுண்டு. அதை விட்டுவிட்டால் சூப்பின் உயிருக்கு ஊறு எதுவும் இல்லை.

முதலில் அந்தக் கோதுமையைப் பார்ப்போம். ஃபாரோ என்று கார்ஃபஞானாவில் வழங்குவது, தாவர நூலார் எம்மர் என்று குறிக்கும் தொன்மையான கோதுமை இனம். மனிதன் முதன்முதலாகப் பயிரிட்ட தானியங்களுள் அது ஒன்று. பண்டைய எகிப்தியரும் ரோமரும் அதை உண்டனர். சாதாரணக் கோதுமையைக் கதிரடித்தால் உமி தானே உதிர்ந்துவிடும். எம்மர் கோதுமையில் உமி நெல்லைப்போல மணியை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். தனியே குத்தித்தான் உமி நீக்க வேண்டும். இந்தத் தொல்லையின் காரணமாகவே உலகின் பல பாகங்களில் உழவர்கள் அதைக் கைவிட்டனர். கார்ஃபஞானா மக்கள் கைவிடவில்லை. 1996ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பள்ளத்தாக்கின் ஃபாரோவுக்கு ஊர்ப்பெயர்க் காப்புரிமையும் அளித்தது.

அதைக் கைவிடாத இன்னொரு நாடு நம் நாடு. மராட்டியத்தின் தென்பகுதி மாவட்டங்களில் இன்றும் பயிராகும் கப்லி கோதுமை இதே எம்மர் இனந்தான். கர்நாடகத்தில் இதற்கு ஜவே கோதி என்று பெயர். தமிழகத்தில் நம் பாட்டிமார் கஞ்சிக்கும் ரவைக்கும் தேடி வாங்கிய சம்பா கோதுமையும் இதுவே. ஆனால் இன்று கடைகளில் சம்பா என்னும் பெயர் வேறு சில கோதுமைகளுக்கும் தாராளமாகச் சூட்டப்படுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மணி நீண்டு, சற்றே செம்மையோடி, இரு முனையும் கூர்ந்திருந்தால் அது கப்லி. புனே நகரிலேயே இயங்கும் அகர்கர் ஆராய்ச்சி நிலையம், தாவர நூல் அறிஞர் சங்கர் புருஷோத்தம அகர்கரின் பெயரைத் தாங்கியது; 1946ஆம் ஆண்டு மகாராஷ்டிர அறிவியல் வளர்ச்சிச் சங்கமாகத் தோன்றியது. அந்நிலையம் கோதுமை ஆராய்ச்சியில் பேர்பெற்றது. கப்லி கோதுமையிலும் மேம்பட்ட வகையை உருவாக்கி உழவர்களுக்கு அளித்துள்ளது. ஆக, லூக்கா நகரத்துச் சூப்பின் தானியத்தை நாம் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. மளிகைக் கடையில் ‘கப்லி கஹூ’ என்று கேட்டாற் போதும்.

இனிப் பயறு. லூக்கா பகுதியில் இந்தச் சூப்புக்கு உகந்ததென்று போற்றப்படும் பயற்றுக்கு, எழுதப்பட்ட பயறு என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. தோலின் மேலுள்ள கோடுகள் அவர்கள் கண்ணுக்கு எழுத்துகளாகத் தோன்றின. புனேக்குத் தெற்கே சாத்தாரா மாவட்டத்தில் கோரேகாவ் என்னும் வட்டம் இருக்கிறது. புனே நகரத்துக் கோரேகாவ் பார்க்கோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கும் செந்நிறக் கோடுகள் ஓடும் ஒரு பயறு விளைகிறது. அங்குள்ளவர்கள் கண்ணுக்கு அந்தக் கோடுகள் புலியின் வரிகளாகத் தோன்றின. மராத்தியில் வாக் என்றால் புலி. ஆகவே அது வாக்யா கேவ்டா ஆயிற்று. 2016ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் ராஜ்மா என்று நாம் பொதுவாக அழைக்கும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஓரிடத்தார் எழுத்தைக் கண்டனர். மற்றோரிடத்தார் புலியைக் கண்டனர். மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட நமக்கு, ஒரு பொருள் இரண்டு ஊர்களில் இரண்டு பெயர் பூண்டு நிற்பது புதிதன்று. ஆனால் வேகவைத்தபின் எழுத்தும் புலிவரியும் ஒருங்கே மறைந்து, இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தை அடைகின்றன என்பதைச் சமையலறைதான் காட்டித் தருகிறது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் கருத வேண்டும். இந்தப் பயறு இத்தாலிக்கும் சொந்தமன்று, நமக்கும் சொந்தமன்று. அது அமெரிக்கக் கண்டத்தின் பயிர். கொலம்பஸ் 1492ஆம் ஆண்டு கடல் கடந்து சென்ற பிறகே அது பிற கண்டங்களுக்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாயும் அவ்வாறு வந்தவையே. அதற்கு முன்னர் இத்தாலியர் உண்ட பயறு, நாம் காராமணி என்றும் தட்டைப்பயறு என்றும், மராத்தியர் சவளி என்றும் சொல்லும் பயறு. ஓவியர் அன்னிபாலே கராச்சி 1580களில் தீட்டிய ‘பயறு உண்பவன்’ என்னும் புகழ்பெற்ற ஓவியம் ரோமாபுரியில் இருக்கிறது. அதில் ஓர் உழவன் கரண்டியும் கையுமாக வாய்திறந்து அமர்ந்திருக்கிறான். அவன் கிண்ணத்தில் இருப்பவை கறுப்புக் கண் உள்ள காராமணிபோலவே தெரிகின்றன. ஆதலால் ராஜ்மா ஒத்துக்கொள்ளாதவர்கள் காராமணியை இட்டுச் செய்தாலும், சூப்பின் மரபுக்கு மாறாகச் செய்ததாகாது. பழைய மரபுக்குத் திரும்பியதாகவே ஆகும்.

மூன்றாவது, கருவி. இந்தச் சூப்பின் நயமெல்லாம் பயற்றை மசிக்கும் விதத்தில் இருக்கிறது. மின் அரைவையில் இட்டால் தோலும் சேர்ந்து அரைபட்டு, குழம்பு சற்றே திப்பியாகிவிடும். இத்தாலியர் வீடுகளில் துளைத்தட்டும் கைப்பிடியும் கொண்ட ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியைச் சுழற்றினால் தகடு பயற்றை அழுத்தித் துளைகளின் வழியே கீழே தள்ளும். தோல் மேலேயே தங்கிவிடும். மராத்திய இல்லங்களில் போளி செய்வதற்காக வெந்த கடலைப் பருப்பையும் வெல்லத்தையும் இட்டு மசிக்கும் புரண் யந்திரம் இதே கருவிதான். புரண் என்பது நம் பூரணமே. புனேயில் பாத்திரக்கடைகள் நிறைந்த துளசிபாக் பகுதியில் இது எளிதில் கிடைக்கும். அண்டை வீட்டில் இரவல் கேட்டாலும் மறுக்கமாட்டார்கள். இல்லாவிடின் கண்ணுள்ள சல்லடையில் இட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்தாலும் காரியம் நடக்கும்.

இனிச் செய்முறையைக் காண்போம். 5 அல்லது 6 பேருக்கு வாக்யா கேவ்டா 200 கிராம், உமி நீக்கிய கப்லி கோதுமை 150 கிராம், பெரிய வெங்காயம் 1, கேரட் 1, செலரித் தண்டு 1, பூண்டு 4 பல், நன்கு பழுத்த தக்காளி 2, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு ஆகியவை வேண்டும். காய்கறிக்கு மகாத்மா புலே மண்டயி அழகிய இடம். 1886ஆம் ஆண்டு ரே மார்க்கெட் என்னும் பெயரோடு தொடங்கிய அந்த எண்கோணக் கட்டடத்தில் செலரியும் கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டால் முட்டைக்கோசின் நடுத்தண்டைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம்.

டஸ்கனியில் மணத்துக்கு இடும் சேஜ், ரோஸ்மேரி ஆகிய இலைகளுக்கு அலைய வேண்டாம். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் ஓமவல்லி இலை ஒன்று போதும். கற்பூரவல்லி என்று நாம் சொல்லும் இதனை மராத்தியர் ஓவா இலை என்று பஜ்ஜி போட்டு உண்கிறார்கள். இதன் மணம் இத்தாலியரின் ஆரிகானோ இலையின் மணத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் ஒரே வாசனைப் பொருள் இருக்கிறது. ஒன்றுக்கு மேல் இட்டால் சூப்பு கஷாயமாகிவிடும், எச்சரிக்கை வேண்டும்.

ஆலிவ் எண்ணெய் இருந்தால் நன்று. இல்லையேல் மராட்டியத்தில் வழங்கும் கர்டி எண்ணெய் மிகவும் பொருந்தும். புதிதாக வந்த தமிழர் இந்தப் பெயரைக் கேட்டுக் கரடியிலிருந்து எடுப்பதோ என்று திடுக்கிடுவதுண்டு. அது குசும்பா விதையின் எண்ணெய். தனக்கென்று வலிய மணம் இல்லாததால் பயற்றின் சுவையை மறைக்காது. நல்லெண்ணெய் இதற்கு ஏற்றதன்று. சூப்பு இத்தாலியை விட்டுவிட்டு நேரே மதுரைக்குப் போய்விடும்.

முதல் நாள் இரவே பயற்றையும் கோதுமையையும் தனித்தனியே நீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் பயறு ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, ஒன்றரை லிட்டர் புதுநீர் வார்த்து, 2 பல் பூண்டும் ஓமவல்லி இலையும் இட்டு வேகவிட வேண்டும். பிரஷர் குக்கரில் முதல் விசில் வந்தபின் தணலைக் குறைத்து 20 நிமிடம் வைக்கலாம். பயற்றை இரு விரல்களுக்கு இடையே நசுக்கினால் மாவாக வேண்டும். நடுவில் சிறிது கட்டி இருந்தாலும் மறுபடி அடுப்பேற்ற வேண்டும். கடலைப் பருப்புச் சுண்டலுக்கு வேண்டிய பதம் இங்கே உதவாது. புனே கடல் மட்டத்துக்குச் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் ஏறக்குறைய 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே சென்னையில் பழகிய நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகும். குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கோதுமையை அதன் மும்மடங்கு நீரில் சிறிது உப்பிட்டு 3 விசில் வரும்வரை வேகவைத்துத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அது முக்கால் பதம் வெந்திருந்தால் போதும். மீதிக் கால் பதத்தைச் சூப்பிலேயே வேகவிடுவோம். அப்போதுதான் மணிக்குள்ளே சுவை ஏறும்.

அடுத்து வருவது தாளிதம். இங்கேதான் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் பிரிகின்றன. நம்முடைய தாளிதம் காய்ந்த எண்ணெயில் நொடிப்பொழுதில் முடிவது. கடுகு வெடித்தவுடன் வேலை தீர்ந்தது. அவர்களுடைய தாளிதம் பொறுமையின் வேலை. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் மிகச் சிறு தணலில் 15 நிமிடம் வதக்க வேண்டும். நிறம் சிவக்கக் கூடாது. குழைந்து, இனிப்பு வாசனை எழ வேண்டும். பிறகு மீதிப் பூண்டை நசுக்கிப் போட்டு, தோல் நீக்கி நறுக்கிய தக்காளியைச் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை கிளற வேண்டும். வெங்காயமும் பூண்டும் விலக்கும் நாட்களில் இவற்றுக்கு மாற்றாக ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தைப் பொரித்துக்கொள்ளலாம்.

தக்காளியைப் பயற்றோடு சேர்த்து முன்னரே வேகவைத்தால் என்ன என்று கேட்கலாம். புளிப்புச் சேர்ந்த நீரில் பயற்றின் தோல் எளிதில் இளகாது. பருப்பு வெந்தபின் புளி ஊற்ற வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததும் இந்தக் காரணத்தாலேயே. உப்பைப் பற்றிய அச்சமோ அவ்வளவு உண்மையன்று. ஊறவைக்கும் நீரில் சிறிது உப்பிட்டால் தோல் மென்மையாகவே ஆகிறது.

வெந்த பயற்றில் மூன்றில் ஒரு பங்கை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை வதக்கலோடு சேர்த்துப் புரண் யந்திரத்தில் இட்டு மசிக்க வேண்டும். பயறு வெந்த நீரைக் கீழே கொட்டிவிடலாகாது. அதுதான் சூப்பின் ரசம். மசித்த விழுதை அந்நீரில் கரைத்து, கோதுமையையும் முழுப் பயற்றையும் சேர்த்து, சிறு தணலில் 20 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அடிப்பிடிக்கும் குணமுடையது, கரண்டி அடிவரை சென்று வர வேண்டும். சாம்பாரைவிடக் கெட்டியாகவும் வெண்பொங்கலைவிட இளக்கமாகவும் இருப்பது சரியான பதம். உப்பைச் சரிபார்த்து இறக்கி, 10 நிமிடம் மூடி வைத்து, அகன்ற கிண்ணங்களில் ஊற்றி, மேலே சில துளி பச்சை எண்ணெயும் புதிதாகப் பொடித்த மிளகும் இட்டுப் பரிமாற வேண்டும். கூடவே புனேயின் இரானி ரொட்டிக்கடைகளில் விற்கும் மொறுமொறுப்பான புருன் பாவ் இருந்தால் இரவு உணவு நிறைவு பெறும்.

பால் சேராமல் இந்த வழுவழுப்பு எங்கிருந்து வருகிறது? பயற்றில் மாச்சத்து நிறைந்திருக்கிறது. அது வெந்து, நீரை உறிஞ்சிப் பருத்து, மசிக்கும்போது வெளிப்பட்டு நீரோடு கலக்கிறது. கோதுமை மணியின் மேற்புறத்து மாவும் கொதிக்கையில் கரைந்து அதனோடு சேருகிறது. எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து அந்தக் குழம்பில் மிதக்கிறது. தோல் நீங்கியிருப்பதால் நாவில் தட்டுப்படுவதற்கு ஏதுமில்லை. பாலேடு செய்யும் வேலையை இவை மூன்றும் சேர்ந்து செய்துவிடுகின்றன. அதற்கு மேலும் பாலேடு சேர்க்க விரும்புவோர், அடுப்பை அணைத்தபின் கடைசியில் சேர்க்கலாம். தக்காளியின் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். கொழுப்பு மிகுந்த பாலேடு அவ்வளவு எளிதில் திரியாது.

பாலாடைக்கட்டியைப் பற்றியும் ஒரு சொல். இத்தாலியர் துருவி இடும் பார்மிஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. சைவ உணவினர் இதை அறிந்திருத்தல் நலம். பச்சை வட்டக் குறியிட்ட பாலாடைக்கட்டிகள் நம் நாட்டில் கிடைக்கின்றன. அவற்றை இடலாம், எதுவும் இடாமலும் இருக்கலாம்.

சுவையோடு சத்தையும் எண்ணிப் பார்ப்போம். ஒரு கிண்ணச் சூப்பில் சுமார் 10 கிராம் புரதம் கிடைக்கும். கோதுமைப் புரதத்தில் குறையும் கூறு பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவது கோதுமையில் உண்டு. அரிசியும் உளுந்தும் சேர்ந்து இட்லியில் செய்யும் உதவியே இங்கேயும் நடைபெறுகிறது. பல்லில்லாத முதியோருக்கும் காய்கறி என்றால் முகம் சுளிக்கும் சிறுவருக்கும் இது ஒருங்கே ஏற்றது. நீரிழிவு உடையவர்கள் கப்லியைத் தேடி வாங்குவதைக் காண்கிறோம். அது முழுத்தானியம் என்ற அளவில் நல்லதே. ஆனால் மருந்துக்கு மாற்றாகாது. கோதுமைப் பசையம் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஆகாது. அவர்கள் அரிசியை இட்டுக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராஜ்மா இனப் பயறுகள் எல்லாவற்றிலும், பச்சையாக இருக்கும்போது ஒருவகை நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காட்டில் நாலைந்து பயறுகளை உண்டாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். நன்றாகக் கொதித்தால் நஞ்சு முற்றிலும் அழிந்துவிடும், இளஞ்சூட்டில் அழியாது. மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரங்களில் பயற்றை நேரே இட்டு, பல மணி நேரம் கொதியாத சூட்டில் வைப்பது ஆபத்தானது. ஆகவே ஊறிய நீரைக் கொட்டுவதும், திறந்த பாத்திரமானால் 30 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகே தணலைக் குறைத்து மெத்தென்று வேகும்வரை வைப்பதும் தவறக்கூடாத விதிகள். குக்கரில் வேகவைப்பது முழுப் பாதுகாப்பு.

டஸ்கனி மக்கள் இத்தகைய சூப்பை மறுநாள் உண்பதையே விரும்புவார்கள். அவர்களுடைய வேறொரு சூப்புக்கு மறுமுறை கொதித்தது என்றே பெயர். முதல்நாள் குழம்பின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பயறும் தானியமும் சேர்ந்த உணவு சூடாகவே வெளியில் கிடந்தால் விரைவில் கெடும். இறக்கிய 2 மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் வேண்டிய அளவை மட்டும் நீர் விளாவி நன்றாகக் கொதிக்கவிட்டு உண்ண வேண்டும்.

புனேயில் இல்லாத நேயர்கள் தங்களுக்கு இதனால் என்ன பயன் என்று எண்ணக்கூடும். பெல்லெக்ரினோ அர்தூஸி என்பவர் 1891ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நகரில் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். இத்தாலியர் இல்லங்களில் அது இன்றும் மதிக்கப்படுகிறது. காய்கறிக் கெட்டிச் சூப்பான மினெஸ்த்ரோனேயின் செய்முறையில் அவர் அரிசியை இடுகிறார். அதோடு, அந்தந்த ஊரின் சுவைக்கும் அங்கே கிடைக்கும் காய்களுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வாசகருக்கு முழு உரிமையும் அளித்துவிடுகிறார். ஆகவே டில்லியில் இருப்போர் அங்கே கிடைக்கும் சித்ரா ராஜ்மாவையும், பெங்களூரில் இருப்போர் ஜவே கோதியையும், கல்கத்தாவில் இருப்போர் ராஜ்மாவோடு அரிசியையும் இட்டுச் செய்தால், அது அர்தூஸியின் அனுமதி பெற்ற சூப்பே ஆகும்.

உணவு ஊர் விட்டு ஊர் போவது நமக்குப் புதிய செய்தியும் அன்று. நம் மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் வாயில் மலிகடானி ஆகி, 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அவர்கள் மொழியில் இடம் பிடித்துவிட்டது. அங்கே அது மாமிசமும் பாலேடும் சேர்ந்த கெட்டிச் சூப்பாக உருமாறிற்று. தஞ்சையை 1676ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை ஆண்ட போன்ஸ்லே குலத்தார் தங்கள் மராட்டிய நாவோடு காவிரிக் கரைக்கு வந்தனர். அங்கே தமிழ் கற்றனர். அங்குள்ள அரிசியை உண்டனர். போனவர்கள் போன இடத்து விளைபொருளைத் தம் அடுப்பில் ஏற்றியபோதுதான் அவ்வூர் அவர்களுடையதாயிற்று.

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பல, ஆண்டுகள் பல சென்றும், ஊரிலிருந்து வரும் பொடிகளையும் வற்றல்களையும் நம்பியே சமையல் நடத்துகின்றன. அதில் குறையேதும் இல்லை. நம் சாம்பார் நமக்கு வேண்டும். ஆனால் இருக்கும் ஊரின் நிலத்தில் என்ன விளைகிறது, அதற்கு அங்கே என்ன பெயர் என்பதை அறியாமலே ஒரு வாழ்நாளைக் கழித்துவிடுவது நமக்கும் இழப்பு, நம் பிள்ளைகளுக்கும் இழப்பு. விளைவிப்பவருக்கும் அது இழப்பே. உமி நீக்கத் தனி உழைப்பு வேண்டும் கப்லியையும், ஒரு வட்டத்தின் பெயரால் அறியப்படும் வரிப்பயற்றையும், வாங்குவோர் உள்ளவரையில்தான் உழவர் விதைப்பர். குறியீடும் ஆராய்ச்சியும் துணை நிற்கலாம்; பயிரைக் காப்பது அடுப்பில் ஏறும் பானையே.

ஆகவே, இந்தக் குளிர்காலத்தில் மார்கழி, தை மாதத்து இரவொன்றில் புனேயின் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, பொட்டலத் தூளை நாடாமல், மளிகைக் கடைக்காரரிடம் அவர் மொழியிலேயே கப்லியும் வாக்யா கேவ்டாவும் கேட்டு வாங்குங்கள். எதற்காக என்று அவர் கேட்டால் இத்தாலியச் சூப்புக்கு என்று சொல்லுங்கள். அதே பயற்றைத் தம் வீட்டில் எவ்வாறு சமைக்கிறார்கள் என்று அவர் பதிலுக்குச் சொல்லத் தொடங்குவார். அதையும் கேட்டு வாருங்கள். அடுத்த வாரத்துச் சமையலுக்கு உதவும்.